பேரீச்சம்பழத்தின் மீது ஏன் இந்தப் பழி?

“பேரீச்சம்பழத்தில் செய்ததுதானே! அதில் என்ன தீங்கு வந்துவிடப் போகிறது?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் மார்க்கம் அறியாதவர்கள் அல்லர். ரமலான் முழுவதும் நோன்பு நோற்பவர்கள். மஃரிப் பாங்கு ஒலித்ததும் பிஸ்மி சொல்லிப் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறப்பவர்கள். அதே கையால், அதே பழத்தைச் சர்க்கரையோடும் ஈஸ்டோடும் ஜாடியில் இட்டு மூடி, அது நுரைத்துப் பொங்கி அடங்கும்வரை காத்திருந்து வடித்தெடுத்து, “இது சாராயமன்று, பழரசம்” என்று பெயர் சூட்டுகிறார்கள். இன்னும் சிலர் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தைக் கடையில் வாங்கிய ரம்மில் ஊறப்போட்டு, “மணத்துக்காக” என்கிறார்கள். பழத்தின் பரக்கத்தைப் புட்டிக்குப் போர்வையாகப் போர்த்தும் இந்தப் பழக்கத்தைப் பற்றிச் சில சொற்களைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், வயநாட்டு எல்லையைத் தொட்டுக் கிடக்கும் சேரம்பாடியிலிருந்து இதனை எழுதுகிறோம். தேயிலையும் காப்பியும் மிளகும் விளையும் மண் இது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரில் பலர், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான ‘டான்டீ’யின் தோட்டங்களில் கொழுந்து பறித்து வாழ்வு தேடிய பகுதி. தமிழகத்து இராவுத்தரும் மலபார் மாப்பிள்ளையும் அண்டை வீட்டாராய் வாழும் பகுதி. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகளின் பெட்டிகளில் பேரீச்சம்பழம் இல்லாமல் இருப்பதில்லை. ஆகவே இந்தக் கேள்வி நமக்குத் தூரத்துக் கேள்வியன்று. நம் வீட்டு அலமாரியின் கேள்வி.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். மதுவிலக்குக் கட்டளை இறங்கிய நாளில் மதீனாவின் வீதிகளில் கொட்டப்பட்டது எது? திராட்சை மதுவா? அந்நாளில் மதீனாவில் திராட்சை மது அரிது. பெருகியிருந்தது பேரீச்ச மதுவே. ஹஸ்ரத் அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஸஹாபாக்கள் சிலர் கூடியிருந்தனர். இளைஞரான ஹஸ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பரிமாறப்பட்டது ‘ஃபளீக்’, அதாவது பேரீச்சங்காயையும் கனியையும் நசுக்கி ஊறவைத்த மது. வீதியில் அறிவிப்பவரின் குரல் கேட்டது. என்ன குரல் என்று பார்த்துவரச் சொன்னார்கள். மது விலக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்தது. “இது திராட்சையில் ஆனதன்றே, நம் தோட்டத்துப் பேரீச்சையில் ஆனதாயிற்றே” என்று அந்தச் சபையில் ஒருவரும் வாதாடவில்லை. கொட்டிவிடும்படி அபூதல்ஹா (ரலி) அவர்கள் சொன்னார்கள். மதீனாவின் வீதிகளில் மது வழிந்தோடியது. இது ஸஹீஹான ஹதீஸ் நூல்களில் பதிவான செய்தி. பேரீச்சம்பழத்தின் பெயரால் மதுவுக்கு விலக்குக் கேட்பவர்கள் முதலில் விடை சொல்ல வேண்டியது இதற்குத்தான்: விலக்கின் முதல் அடி விழுந்ததே பேரீச்ச மதுவின் மீது அன்றோ?

கலீஃபா ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் பின்னொரு நாள் மிம்பரில் நின்று இதனை இன்னும் தெளிவாக்கினார்கள். விலக்கு இறங்கிய காலத்தில் மது ஐந்து பொருள்களிலிருந்து செய்யப்பட்டது என்று கூறி, திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை என்று எண்ணிக் காட்டினார்கள். அத்தோடு நிறுத்தவில்லை, அறிவை மூடுவது எதுவோ அதுவே மது என்று இலக்கணமும் வகுத்துத் தந்தார்கள். எந்தப் பழத்திலிருந்து வந்தது என்பதன்று கேள்வி. அறிவை என்ன செய்கிறது என்பதே கேள்வி.

திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயத்து 67ஆம் வசனத்தைச் சிலர் சான்றுக்கு இழுக்கிறார்கள். பேரீச்சை, திராட்சைக் கனிகளிலிருந்து மனிதர்கள் போதைப் பொருளையும் நல்ல உணவையும் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற கருத்து அங்கே வருகிறது. இதனை அனுமதி என்று படிப்பவர்கள் அவசரக்காரர்கள். அந்த வசனம் விலக்குக்கு முன்னர் மக்காவில் இறங்கியது. அப்போதே போதைப் பொருளை ஒரு பக்கமும் ‘நல்ல’ உணவை மறுபக்கமும் பிரித்து நிறுத்திவிட்டது. ‘நல்ல’ என்ற அடைமொழி போதைக்குக் கொடுக்கப்படவில்லை. அதன்பின் அல்பகறா அத்தியாயத்தில் மதுவின் பாவம் அதன் பயனினும் பெரிது என்ற அறிவிப்பு; அந்நிஸாவில் போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்ற தடை; முடிவாக அல்மாயிதாவின் 90, 91ஆம் வசனங்களில் முழு விலக்கு. படிப்படியாக ஏறி மாடி அடைந்த சமுதாயத்தை மீண்டும் முதற்படியில் இறக்கி நிறுத்துவது எந்த வகை மார்க்க ஞானம்?

அடுத்து வருகிறவர் சற்றுப் படித்தவர். “நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பேரீச்சம்பழம் ஊறிய நீரை அருந்தியிருக்கிறார்களே! ‘நபீத்’ என்று கிதாபுகளில் இருக்கிறதே!” என்கிறார். உண்மை, இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்புப்படி, காலையில் ஊறவைத்தது மாலையில் அருந்தப்பட்டது. இரவில் ஊறவைத்தது காலையில் அருந்தப்பட்டது. ஹஸ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில் மூன்றாம் நாள் மாலை எல்லையாக வருகிறது. அதற்கு மேல் எஞ்சியது கொட்டப்பட்டது. பேரீச்சையையும் உலர் திராட்சையையும் ஒன்றாகக் கலந்து ஊறவைப்பதுகூடத் தடுக்கப்பட்டது. அது விரைவில் போதை கொள்ளும் என்பதே காரணம் என்று உலமாக்கள் விளக்குவர். இத்தனை காவலும் எதற்கு? இனிப்பு நீர் போதை நீராக மாறும் நொடிக்கு முன்னே கதவைச் சாத்துவதற்கு. நம்முடைய ஜாடிக்காரரோ அந்த நொடிக்காகவே கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார். இரண்டும் ஒன்றாகுமா?

தமிழருக்கு இதனை விளக்க அரபு நாட்டுக்குப் போகவே வேண்டியதில்லை. நம் பனை போதும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தடவாமல் விட்டால் கள். அதே மரம், அதே பாளை, அதே கலயம், ஏறி இறங்குகிற அதே மனிதர். இடையில் நிற்பது ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு. பதநீரைக் காட்டிக் கள்ளுக்கு அனுமதி கேட்பவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். நபீதைக் காட்டிப் பேரீச்ச மதுவுக்கு அனுமதி கேட்பவரைப் பார்த்து மட்டும் நாம் ஏன் சிரிக்கத் தயங்குகிறோம்?

இன்னொரு வாதமும் உண்டு. “எங்கள் மலைக்குளிரில் எதுவும் மெதுவாகத்தான் புளிக்கும், மூன்று நாள் கணக்கு இங்கே பொருந்தாது.” நாளின் எண்ணிக்கையன்று சட்டத்தின் உயிர்; போதையே அதன் உயிர். நன்கு உலர்ந்த பேரீச்சம்பழத்தில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் சர்க்கரை. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று, ஏறத்தாழப் பாதியை ஆல்கஹாலாகவும் மீதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஜாடியில் எழும் நுரை அந்த வாயுதான். அதாவது உள்ளே மது பிறந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அறிவிப்பு. குளிரில் வேலை மெதுவாக நடக்கலாம், நடக்காமல் இருப்பதில்லை. தாமே ஈஸ்டை வாங்கிப் போட்டுவிட்டு, “தானாக நுரைத்தது” என்று சொல்வது யாரை ஏமாற்ற?

மத்ஹபின் பெயரால் பேசுகிறவரையும் விட்டுவிடக் கூடாது. “ஷாஃபிஈகளுக்குத்தான் கடுமை; ஹனஃபிகளாகிய எங்களுக்கு மது என்றால் திராட்சை மது மட்டுமே” என்பார் அவர். அரைகுறைப் படிப்பின் ஆபத்து இது. ‘கம்ர்’ என்ற சொல்லுக்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் குறுகிய பொருள் கொண்டது உண்மையே. ஆயின் சமைக்காத பேரீச்சை ஊறல் நீர் நுரைத்துக் கடுமையடைந்தால், ‘ஸகர்’ எனப்படும் அதுவும் விலக்கப்பட்டதே என்று ஹனஃபிச் சட்ட நூல்கள் தனியே பெயர் சொல்லி வைத்திருக்கின்றனவே! எஞ்சிய பானங்களிலும், மிகுதியாக அருந்தினால் போதை தருவது எதுவோ அதில் சிறிதளவும் ஹராம் என்ற இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் முடிவின் மீதே பிற்கால ஹனஃபி உலமாக்கள் ஃபத்வா அளித்தனர். ஷாஃபிஈ மாப்பிள்ளைக்கும் ஹனஃபி இராவுத்தருக்கும் தொழுகையில் சிறு சிறு வேறுபாடுகள் இருக்கலாம். இந்த ஜாடியின் முன்னே இருவருக்கும் ஒரே தீர்ப்புத்தான்.

“கடைச் சரக்கில் கலப்படம், வீட்டில் செய்தால் சுத்தம்” என்பது நான்காவது வாதம். மது தொடர்பாகப் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாக ஹதீஸில் வருகிறது. பிழிபவர், யாருக்காகப் பிழியப்படுகிறதோ அவர், குடிப்பவர், சுமப்பவர், பரிமாறுபவர், விற்பவர், வாங்குபவர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. கடையில் வாங்கிக் குடிப்பவர் அந்தப் பட்டியலில் இரண்டு மூன்று இடங்களில் நிற்கிறார். வீட்டில் செய்பவரோ பிழிபவரும் தாமே, பிழியப்படுவதும் தமக்கே, பரிமாறுபவரும் தாமே, குடிப்பவரும் தாமே! நால்வர் சுமையை ஒருவரே தோளில் ஏற்றிக்கொண்டு, அதற்குச் ‘சுத்தம்’ என்று பெயரிடுகிறார்.

நாட்டின் சட்டமும் இதனைச் சுத்தம் என்று ஏற்பதில்லை. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதைக் குற்றமென்கிறது. வீட்டு அடுப்பில் காய்ச்சி வடித்தாலும் குற்றம் குற்றமே. எல்லைக்கு அப்பால் கேரளத்திலும், கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டில் ஒயின் செய்வதும் குற்றமே என்று கலால் துறை 2019 டிசம்பரில் எச்சரித்தது. சேரம்பாடிக்காரருக்கு இரண்டு மாநிலச் சட்டங்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளி காட்டோரத்தில் ஊறல் போட்டால் போலீசார் வந்து பானையை உடைக்க வேண்டுமென்கிறோம், வசதி படைத்த வீட்டின் கண்ணாடி ஜாடியைக் கண்டால், “ருசி எப்படி?” என்று விசாரிக்கிறோம். இது நீதியா? ஊறலுக்கு ஏழை ஊறல், பணக்கார ஊறல் என்று பேதமுண்டா?

“மலைக்குளிருக்கு வேண்டியிருக்கிறது” என்பவர்களுக்கு மருத்துவமே விடை சொல்கிறது. மது உள்ளே போனதும் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. மேனி சூடாவது போன்ற உணர்வு தோன்றுகிறது. உண்மையில் உடலின் உள்வெப்பம் அவ்வழியே வெளியேறுகிறது. குளிருக்குக் கம்பளியைக் கழற்றி எறிவதற்கு ஒப்பானது இது. சுக்கும் மிளகும் இந்த மண்ணில் விளையும்போது குளிருக்கு மருந்தா கிடைக்காது?

கேக்கின் கதையையும் பேசிவிடுவோம். வெள்ளைக்காரர் பங்களாக்களின் வழியே மலைக்கு வந்த பழக்கங்களில் ஒன்று, ரம்மில் ஊறிய பேரீச்சையும் திராட்சையும் சேர்த்துச் சுடும் கேக். “அடுப்புச் சூட்டில் ஆல்கஹால் ஆவியாகிவிடும்” என்கிறார்கள். முழுவதும் ஆவியாவதில்லை. மாவோடு கலந்த மதுவில், ஒரு மணி நேரம் வெந்த பின்னும் ஏறத்தாழக் கால் பங்கு எஞ்சும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணை கணக்கிட்டிருக்கிறது. வெந்த கேக்கின் மீது மீண்டும் ரம்மைத் தெளிப்பவர்களும் உண்டு. அது எங்கே ஆவியாவது? அதே பேரீச்சையை ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டுக் கேக் சுடலாம். மலபார் வீடுகளில் பிரியாணிக்குத் துணையாக வைக்கும் பேரீச்சம்பழ அச்சாரின் புளிப்பும் இனிப்பும் யாருக்குத்தான் பிடிக்காது? பழத்தைக் கௌரவிக்க நூறு வழிகள் இருக்க, இழிவுபடுத்தும் ஒரே வழியைத் தேடிப் பிடிப்பானேன்?

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் அறுபதுக்கும் மேற்பட்டோரையும் பலிகொண்டது மெத்தனால் என்னும் தொழிற்சாலை விஷம். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைக் குருடாக்கும்; உயிரையும் பறிக்கும். மதுவுக்கு முழுத் தடையுள்ள குவைத்திலேயே 2025 ஆகஸ்டில் கள்ள மது குடித்து 23 பேர் மாண்டனர். அவர்கள் ஆசிய நாடுகளிலிருந்து பிழைக்கப் போனவர்கள். பேரீச்சை ஊறல் அப்படி ஒரே இரவில் ஊரைக் கொல்வதில்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆயின் ஹராம் என்பது மரண பயத்தால் வந்த கட்டளையா? கொல்லாத மது ஹலால் என்று யார் சொன்னது? மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என 2023 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது. மேலும், வீட்டு ஜாடியின் இனிப்பில் நாக்குப் பழகிய பிள்ளை நாளை அயல்நாட்டு முகாம் அறையில், எவனோ நீட்டும் கோப்பையை முகர்ந்து பார்த்தா குடிப்பான்? கள்ளச் சாராயச் சாவுக்கான பாதை கடைத்தெருவில் மட்டும் தொடங்குவதில்லை. சில வேளை உம்மாவின் சமையலறையிலும் தொடங்குகிறது.

இனி நாம் சொல்ல வந்த தலையாய செய்தி. தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1937 அக்டோபரில் இராஜாஜியின் ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது; 1971இல் தளர்ந்தது; 1974இல் மீண்டது; 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது. நம் நீலகிரியில் 2022 முதல் காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கிடைக்கும் ஏற்பாடும் வந்தது. காட்டைக் காக்க அது நல்லதே. ஆயின் புட்டி திரும்பிவரும், அதைக் காலி செய்தவனின் ஈரல் திரும்பிவருமா? கடைகளை மூடு என்று நாம் குரல் கொடுக்கிறோம்; கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சட்டம் மட்டுமே மதுவை ஒழித்துவிடுமா?

பேரீச்சை விளையும் சூடானைப் பாருங்கள். 1983 செப்டம்பரில் அதிபர் நுமைரி ஷரீஅத் சட்டங்களை அறிவித்து, மதுப் புட்டிகளை நைல் நதியில் கொட்டச் செய்தார். உலகமே வேடிக்கை பார்த்தது. ஆயின் பேரீச்சையிலிருந்து வடிக்கும் ‘அரகி’ வீடுகளுக்குள் காய்ந்துகொண்டேதான் இருந்தது. அதற்காகச் சிறை சென்றவர்களில் பலர் போரினால் இடம்பெயர்ந்து, பிழைக்க வேறு வழியற்றுக் காய்ச்சிய ஏழைப் பெண்கள். ஆட்சி புட்டியைக் கொட்டியது, அடுப்பு அணையவில்லை. மதீனாவிலோ வீடு வீடாகச் சோதனை போட எந்தப் படையும் போகவில்லை. ஒரு குரல் எழுந்தது. அவரவர் ஜாடியை அவரவரே கவிழ்த்தார்கள். சட்டம் வெளியிலிருந்து வந்தது. கொட்டிய கை உள்ளிருந்து வந்தது. அந்தக் கை நம்மிடம் இருக்கிறதா என்பதே இன்றைய கேள்வி.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘கசிப்பு’ என்ற சொல்லை உச்சரிக்கும்போதே அவர்கள் முகம் சுளிப்பார்கள். சர்க்கரையும் ஈஸ்டும் பழமும் போட்டுக் காய்ச்சிய அந்தச் சரக்கும் முதலில் வீட்டுச் சரக்காகத்தான் வந்தது. லயத்துக் காம்பராக்களில் சம்பள நாள் எப்படி அழுகை நாளானது என்பதற்கு அவர்களே சாட்சிகள். அந்தச் சாட்சியத்தைக் கேட்ட பிறகும் நம் வீட்டில் ஊறல் போடலாமா?

சகோதரர்களே! ஜமாஅத்துகள் ரமலானில் பேரீச்சம்பழம் பங்கிடும்போது, இந்த விளக்கத்தையும் ஒரு ஜும்ஆ பயானில் பங்கிடட்டும். நபீதுக்கும் மதுவுக்கும் உள்ள வேற்றுமையை மதரஸாப் பிள்ளைகளுக்கு ஆலிம்கள் பதநீரையும் கள்ளையும் காட்டி விளக்கட்டும். தாய்மார்கள் அலமாரியைத் திறந்து பார்க்கட்டும். குடிக்கு அடிமையாகிவிட்டவரை ஊர் விலக்கி ஏசுவதில் பயனில்லை. மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரை மக்கள் சபித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்தார்கள் என்பதை மறவாதீர்கள். அவரைக் கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே சகோதரத்துவம். நாம் கண்டிப்பது நோயாளியையன்று. நோய்க்குப் பேரீச்சம்பழத்தின் பெயரைச் சூட்டி வீட்டுக்குள் விருந்து வைப்பவரை.

பாவம், அந்தப் பழம்! பாலைவனத்தில் பசித்தவனுக்கு உணவாகவும், நோன்பாளிக்கு முதற்கவளமாகவும், பிறந்த பிள்ளையின் நாவில் தடவும் முதல் இனிப்பாகவும் வந்த நிஃமத் அது. அதன்மீது மதுவின் பழியைச் சுமத்த நமக்கு உரிமையில்லை. ஜாடி உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே கவிழ்த்துவிடுங்கள். மதீனாவில் அன்று வழிந்தோடியதும் இதே சரக்குத்தான். கொட்டியவர்கள் எவரும் பின்னர் அதற்காக வருந்தியதில்லை.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.